நூறு ரூபாயில் ஐம்பது சதம்

"ஒரு பிழையும் விடேல்லை. பிறகும் தோத்துக்கொண்டுதான் இருக்கிறன், தங்கச்சி."

குகதாசன் இதைச் சொன்னது யோகாம்பிகையிடம். கொழும்பில் ஒரு சூதாட்ட விடுதியில் பதினொரு வருஷம் விளையாட வருகிறவர்களுக்குச் சீட்டுப் போட்டவள் அவள். இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள். பிளாக்ஜாக் மேசையில் விழுகிற சீட்டுகளை மனதுக்குள் எண்ணுவது எப்படி என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, அவளுக்கு நாற்பது.

சின்னச் சீட்டு போனால் ஒன்று கூட்ட வேண்டும். பத்தும் ராஜா ராணிப் படங்களும் ஏஸும் போனால் ஒன்று கழிக்க வேண்டும். எண்ணிக்கை ஏறும்போது பந்தயத்தையும் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

மனைவி இறந்த பிறகு குகதாசன் வவுனியா வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்து, நாலு மாதமாக இதையே செய்துகொண்டிருந்தார். இருபத்தாறு வருஷம் படிப்பித்த கணிதம் தன்னைக் கைவிடாது என்று நம்பினார்.

எத்தனை கை விளையாடினீர்கள் என்று அவள் கேட்டாள். இருபதாயிரம் இருக்கும் என்றார்.

அது காணாது, இன்னும் வேண்டும் என்றாள். எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும், நூறு ரூபாய் வைத்தால் சராசரியாக அரை ரூபாய், ஐம்பது சதம்தான் நம் பக்கம். நல்ல நாளில் வருகிற ஆயிரங்களும் கெட்ட நாளில் போகிற ஆயிரங்களும் அதை மூடிவிடும்.

"ஐம்பது சதத்தை இப்ப பஸ் கொண்டக்டரும் வாங்கமாட்டார், அண்ணை."

"அப்ப எப்பதான் தெரியும்?"

"இன்னொரு இருபதாயிரம் கை. அப்பவும் தெரியாமல் போகலாம்."

அவர் தையல் கடைக் கதிரையை விட்டு எழும்பவில்லை. அறைக்குத் திரும்பினால் பேச ஆள் இல்லை. எங்கேயோ பிழை விடுகிறேன், ஒரு நாள் பக்கத்தில் இருந்து பாருங்கள் என்று கெஞ்சினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் விளையாடுகிற விடுதிக்கு வந்தாள். அவள் விளையாடவில்லை. அவருக்குப் பக்கத்துக் கதிரையில் தேத்தண்ணியோடு இருந்தாள்.

சீட்டுகள் விழத் தொடங்கின.

கொஞ்ச நேரத்தில் அவள் மெல்லிய குரலில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அவர் மனதுக்குள் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. கூட்டல் இரண்டு. கூட்டல் மூன்று. அவர் தலையை ஆட்டினார். கூட்டல் இரண்டு. அவள் மேசையைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனாள். ஓம், ஓம் என்றார். எண்ணிக்கை ஐந்துக்கு ஏறியது, பிறகு ஏழுக்கு. பந்தயத்தை நாலு மடங்காக்கினார்.

அவருக்குப் பதினெட்டு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் சீட்டுப் போட்ட பெண்ணுக்குப் பத்தொன்பது. நாலு மடங்கும் போனது.

அந்தக் கைக்குப் பிறகு யோகாம்பிகை பேசவில்லை.

பிற்பகல் வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. பஸ் தரிப்பிடத்தில் நின்றார்கள். எங்கே பிழைவிட்டேன் என்று கேட்டார். ஒரு இடத்திலும் இல்லை என்றாள்.

அவருக்கு நெஞ்சு நிறைந்தது. ஒருவர் அவரைச் சரி என்று சொல்லி எவ்வளவோ நாளாகியிருந்தது.

பிறகுதான் கேட்டார்.

"உள்ளுக்க என்னவோ சொன்னீங்கள்."

"ஓம். சொன்னனான்."

அவர் யோசித்துப் பார்த்தார். அவள் பேசிய நேரம் விழுந்த சீட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. கிளாவர் நாலு. ஆட்டின் ஒன்பது, சிவப்பு இதயங்கள். ராணி. மறுபடியும் நாலு. அவற்றுக்கு நடுவில் ஒரேயொரு சொல்தான் அகப்பட்டது.

"ஆஸ்பத்திரியைப் பற்றி…" என்று இழுத்தார்.

அவள் வீதியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னைக் குழப்பிப் பார்க்கத்தானே கதைச்சனீங்கள்? ஒரு பரீட்சை மாதிரி?"

கொட்டாஞ்சேனை பஸ் வந்து நின்றது. அவள் படியில் கால் வைத்தாள்.

"இல்லை, அண்ணை. அதை இவ்வளவு காலமும் நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை."