சிவப்புத் திருகு

குன்னூரில் லூர்துமேரியிடம் மலைச் சைக்கிள் பழக வருகிறவர்கள் முதல் மாதம் வண்டியில் ஏறுவதே இல்லை. கழற்றுவார்கள், துடைப்பார்கள், மாட்டுவார்கள். எது எதற்கு என்று விரலுக்குத் தெரிந்த பிறகுதான் மலைப்பாதை.

தணிகைவேல் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வங்கி வேலையை உதறிவிட்டு வந்தவன். குருவைவிட ஒரு வயது மூத்தவன். ஆனாலும் அவளை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவான்.

நஸ்ரீன் வந்து ஒன்பது மாதம்தான். கோடைப் பந்தயத்தில் அவள் தணிகைவேலுக்குப் பதினோரு விநாடி முன்னால் வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று தோன்றியது. மாஸ்டர் அவளுடைய ஹெல்மெட் வாரைச் சரிசெய்துவிட்டால் வயிறு எரிந்தது.

இந்த நேரத்தில் மாஸ்டரின் பட்டறைக்குப் புது வண்டி ஒன்று வந்தது. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன். மாஸ்டர் அதை நஸ்ரீனிடம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தாள்.

தணிகைவேல் இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள் கேட்டுவிட்டான்.

"மாஸ்டர், ஒரு வண்டியை ஜெயிக்க வைக்கிறது எது?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"ஃபிரேம். எடை கம்மியா இருந்தா பறக்கும்."

"பறந்துட்டு எங்க இறங்கும்?"

"அப்ப பிரேக். டிஸ்க்கை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்குதே."

"கவ்விக்கிட்டே இருந்தா ஊர் போய்ச் சேரலாமா?"

"கியரா? பின்னாடி பெரிய பல்சக்கரத்துல செயின் ஏறினா மேட்டுல கால் லேசாயிடுது."

"பள்ளத்துல?"

அவனுக்குச் சுருக்கென்றது. "நேராவே கேக்குறேன். அந்தப் பொண்ணுகிட்ட இருக்கிறது என்ன, என்கிட்ட இல்லாதது?"

லூர்துமேரி எழுந்துபோய்ப் பழைய ஃபோர்க் ஒன்றை எடுத்து வந்தாள். முன்சக்கரத்தை இரு பக்கமும் தாங்குகிற இரட்டைக் கால் அது. தரையில் ஊன்றிப் பிடித்தாள்.

"அமுக்கி விடுங்க."

அமுக்கி விட்டான். விட்ட வேகத்தில் எகிறி அவன் உள்ளங்கையை உதறித் தள்ளியது.

ஒரு காலின் அடியில் சிவப்பாக ஒரு சின்னத் திருகு இருந்தது. அதை மூடுகிற பக்கம் நாலைந்து சுற்றுத் திருகினாள்.

"இப்ப."

இந்தத் தடவை அது கையோடு ஒட்டியே மெல்ல மேலே வந்தது.

"ஒரு கால்ல காத்து. கல்லு குத்துறதை அது வாங்கிக்கும். இன்னொரு கால்ல எண்ணெய். வாங்கினதை உடனே திருப்பிக் குடுக்க விடாது."

"திருப்பிக் குடுத்துட்டா?"

"ஏறினவங்களைத் தூக்கி எறியும்."

தணிகைவேல் தலையாட்டினான். ஆனால் அவன் கண் அந்தத் திருகிலேயே இருந்தது.

மத்தியானம் மாஸ்டரும் நஸ்ரீனும் சாப்பிடப் போனதும் அவன் நஸ்ரீன் ஓட்டுகிற புது வண்டி முன்னால் குந்தினான். அதன் சிவப்புத் திருகை முழுசாகத் திறந்துவிட்டான். டிக் டிக்கென்று பொடிச் சத்தம், அவ்வளவுதான். அடிபட வேண்டாம், ஒரே ஒரு தடவை விழுந்தால் போதும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் காலை மூவரும் மலைமேல் நின்றார்கள். பாதை அங்கே ஆள் உயரப் பாறையாக இறங்கியது. கீழே கூரான கற்கள்.

"தணிகை, இன்னிக்குப் புது வண்டியில நீங்க இறங்குங்க" என்றாள் மாஸ்டர்.

நஸ்ரீன் ஹேண்டில்பாரை அவன் பக்கம் நீட்டினாள். "போங்கண்ணா. வெண்ணெய் மாதிரி இறங்கும்."

வயிற்று வலி என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவள் இறங்குவாள்.

அவன் அப்படியே குந்தினான். திருகைக் கடைசிவரை மூடினான். அங்கிருந்து ஒவ்வொரு டிக்காக எட்டு எண்ணித் திறந்தான். அவள் எப்போதும் வைத்துக்கொள்கிற கணக்கு எட்டு. அவளைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

"ஏண்ணா திருகுறீங்க?"

"நேத்து நான்தான் இதைத் திறந்துவிட்டேன். முழுசா."

நஸ்ரீன் கீழே இருந்த கற்களைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"நான் இறங்கியிருந்தா?"



அவள் ஹேண்டில்பாரை அவன் கையில் விட்டுவிட்டு, ஓரமாக நின்றிருந்த அவனுடைய பழைய வண்டியை எடுத்தாள். ஏறினாள். பாறையில் இறங்கிப் போய்விட்டாள். சக்கரச் சத்தம் கீழே எங்கோ நின்றது.

தணிகைவேல் குருவிடம் திரும்பினான். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதனாலதான் என்னை ஏறச் சொன்னீங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

"அந்த ஃபிரேம் அவளுக்குப் பெருசு. கை எட்டல. 'அண்ணன் உயரத்துக்குச் சரியா இருக்கும், அவருக்கே குடுத்துடுங்க'ன்னு நேத்து சாப்பிடும்போது அவதான் கேட்டா."

அவன் அந்த வண்டியைப் பாறை விளிம்பிலிருந்து பின்னால் இழுத்தான்.

"நான் ஊருக்கே போயிடுறேன் மாஸ்டர்."

"போங்க" என்றாள் லூர்துமேரி. "ஊருக்கு இந்த ஒரு பாதைதான். கீழ அவ நின்னுக்கிட்டிருக்கா."