மூன்று புள்ளி முயல்

முன்னொரு காலத்தில் பொழுது போகாத ஓர் அரசன் இருந்தான். எந்த நாட்டு அரசன் என்று என்னைக் கேட்க வேண்டாம். எந்த நாட்டைச் சொன்னாலும் பொருந்தும். யானைப் போர் அலுத்து, சேவற்கட்டு அலுத்து, புலவர்கள் பாடப் பாடக் கொட்டாவி விட்டு அலுத்து, ஒரு நாள் காலையில் அவனுக்கு முயல் மேல் ஆசை வந்தது. நாட்டிலேயே சிறந்த முயல் எது என்று தெரிந்தாக வேண்டும் என்றான். அந்த வருடம் மழை இல்லை. கிணறுகளில் வாளி தரை தட்டியது. இருந்தாலும் அரசனுக்கு முயல் தெரிந்தாக வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு முறை முயல் சபை கூடும் என்று முரசு அறைந்தார்கள். வென்றவருக்கு அரண்மனையின் ஆற்றங்கரைப் புல்வெளி ஓராண்டுக்குச் சொந்தம். கோடையிலும் பச்சை மாறாத இடம் நாட்டில் அது ஒன்றுதான். தீர்ப்புச் சொல்ல மூன்று பேரை அமர்த்தினார்கள். ஆதித்தர் காது பார்ப்பார். கனகசபையார் முதுகு தடவுவார். மருதப்பர் ரோமத்தில் வாய் வைத்து ஊதி, உள்ரோமம் எத்தனை அடர்த்தி என்று பார்ப்பார். மூவரில் ஆதித்தர்தான் தலைவர்.

இந்தச் சபைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு முயலைப் பிடிக்கவில்லை என்றால் அதன் இடது காதின் உட்புறத்தில் கழிவுப் புள்ளி வைப்பார்கள். ஆதித்தருக்குச் சிவப்பு, கனகசபையாருக்கு நீலம், மருதப்பருக்கு மஞ்சள். அவரவர் மையை அவரவர் வீட்டில் அவரவரே கலப்பார்கள், பக்குவத்தை மனைவிக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். மை ஒரு மாதம் அழியாது. கழித்த முயலை யாரும் குளிப்பாட்டித் திரும்பக் கொண்டு வந்துவிடக் கூடாது அல்லவா, அதற்காக.

வேலாத்தாள் என்றொருத்தி ஊருக்கு வெளியே கொட்டில் போட்டு இருபத்து மூன்று முயல் வளர்த்தாள். கணவன் இல்லை. முயல்தான் சோறு. முதல் வருடம் தன் முயலைத் தூக்கிக்கொண்டு சபைக்கு வந்தாள். காது நீளம் என்றார் ஆதித்தர். காது சரிதான், முதுகு தட்டை என்றார் கனகசபையார். முதுகு சரிதான், ரோமம் முரடு என்றார் மருதப்பர். ஆளுக்கு ஒரு புள்ளி. சேனாபதியின் மச்சான் முயலுக்கு மட்டும் மூன்று பேரும் "முதல் தரம்" என்றார்கள்.

வேலாத்தாள் வீட்டுக்குப் போய்க் குட்டைக் காதுக் கிடா முயலோடு அதை இணை சேர்த்தாள். மறு வருடம் காது குறைந்த முயலோடு வந்தாள். காது குட்டை, தலை பானை மாதிரி தெரிகிறது என்றார் ஆதித்தர். முதுகில் சதை அதிகம் என்றார் கனகசபையார். ரோமம் மிக மெல்லியது, காற்றில் பறக்கிறது என்றார் மருதப்பர். பொக்கிஷக்காரரின் மருமகன் முயல் முதல் தரம். அதற்குக் காது எவ்வளவு நீளம் என்று யாருக்கும் நினைவில்லை.

மூன்றாம் வருடம் கூட்டம் அதிகம். முயல் அதிகம் வந்தால் மதியச் சாப்பாடு தள்ளிப் போகிறது என்று நடுவர்கள் ஒரு விதி கேட்டார்கள். மூன்று ஆண்டு தொடர்ந்து கழிக்கப்பட்ட கொட்டில் தகுதியற்ற கொட்டில், அதிலுள்ள முயல்கள் எல்லாம் அரண்மனைச் சமையற்கட்டுக்குப் போக வேண்டும். அரசன் வேறெதையோ யோசித்தபடி தலையசைத்தான். விதி ஆகிவிட்டது.

அந்த வருடம் வேலாத்தாள் கொண்டு வந்தது சாம்பல் என்ற பெட்டை முயல். நிறமும் அதுதான், பேரும் அதுதான். மேசை மேல் வைத்தாள். மூன்று பேரும் முதலில் அவள் காலைப் பார்த்தார்கள். புழுதிக் கால். பிறகு முயலைப் பார்த்தார்கள்.

"காது நீளம்" என்று ஆதித்தர் சிவப்பு வைத்தார்.

"முதுகில் கூன்" என்று கனகசபையார் நீலம் வைத்தார்.

மருதப்பர் ஊதிப் பார்த்துவிட்டு, "உள்ரோமம் போதாது" என்று மஞ்சள் வைத்தார்.

வேலாத்தாள் முயலைத் தூக்கவில்லை. அங்கேயே நின்றாள்.

"சாமி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மொத வருசம் நீளம்னீங்க, குறைச்சேன். அப்புறம் குட்டைன்னீங்க, கூட்டுனேன். இப்ப மறுபடி நீளம். எவ்வளவு இருக்கணும்னு ஒரு குச்சியை ஒடிச்சுக் குடுத்துருங்க. அந்த அளவுக்கு வளத்துட்டு வர்றேன்."

அழுகையோ கோபமோ அவள் குரலில் இல்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன குரல் அது.

சபையின் ஓரத்தில் பேச்சி நின்றிருந்தாள். பேச்சி அரசனின் விகடக்காரி. அரண்மனைத் துணி வெளுத்த குடும்பம். அவள் வம்சத்தில் முன்வாசல் வழியாக உள்ளே போன முதல் ஆள் அவள்தான். அரசனைச் சிரிக்க வைப்பது அவள் வேலை, அதற்காக அரச முத்திரை பொறித்த பச்சைப் பட்டுக் குல்லாய் ஒன்றை அரசன் கொடுத்திருந்தான். அந்தக் குல்லாய் அவள் தலையில் இருப்பது ஆதித்தருக்கு மூன்று வருடமாகத் தொண்டையில் மாட்டிய முள். பேச்சிக்கும் அலுப்புதான். தினமும் ஒரு ஆளைச் சிரிக்க வைத்துப் பாருங்கள், தெரியும்.

வேலாத்தாள் கேட்டதும் பேச்சி சொன்னாள்: "குச்சி குடுக்க மாட்டாங்கக்கா. குடுத்தா அப்புறம் எதை வச்சு வேண்டாம்னு சொல்றது?"

அரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆதித்தர் அந்த நொடிக்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார்.

"அரசே, மூவரின் கருத்தும் வேறுபடுவது ஞானத்தின் அடையாளம். விகடக்காரிக்கு அது விளங்காது. நாங்கள் நேர்மையற்றவர்கள் என்று அவள் கருதினால், நாளை நண்பகலுக்குள் இந்தப் பெண்ணின் கொட்டிலிலிருந்தே ஒரு முயலைக் கொண்டு வரட்டும். மூவரும் அதை முதல் தரம் என்று சொல்லும்படி செய்யட்டும். இயலாவிட்டால் குல்லாயைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் குலத்தொழிலுக்குத் திரும்பட்டும்."

அரசனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்படியே ஆகட்டும். மூன்று வாய், ஒரு சொல். பேச்சி, முடித்துக் காட்டினால் புல்வெளி இந்தப் பெண்ணுக்கு. இல்லையேல் விதிப்படி முயல்கள் சமையற்கட்டுக்கு, நீ துணித்துறைக்கு."

"மூணு வாய், ஒரு சொல்லு. வேற நிபந்தனை ஒண்ணும் இல்லையே மகாராசா?"

"வேறொன்றும் இல்லை."

அன்று மாலை பேச்சி கொட்டிலுக்குப் போனாள். வேலாத்தாள் வாடிய முருங்கைக் கீரையை முயல்களுக்குப் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குப் புள்ள உனக்கு இந்த வேலை? என் முயலுதான் போகுது. உன் பொழப்பும் சேந்து போகணுமா?"

"போனாப் போகுது. அவங்களைச் சிரிக்க வச்சு வாய் வலிக்குது. இருக்குறதுல நல்ல முயலு எதுக்கா?"

"சாம்பல்தான். ஆனா அதுக்குத்தான் காதுல மூணு புள்ளி வச்சுட்டாங்களே. வேற ஒண்ணு எடுத்துக்க."

"வேற வேண்டாம். அதையே குடு."

"கிறுக்கா உனக்கு? புள்ளியப் பாத்தா மூஞ்சியிலேயே எறிவாங்க."

"பாத்தாத்தான?" என்று பேச்சி தன் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இடுப்பிலிருந்து கத்தரியை எடுத்தாள். பட்டை வெட்டும்போது அவள் கை கொஞ்சம் தயங்கியது. அவள் ஆத்தாள் அந்தக் குல்லாயைத் தொட்டுப் பார்ப்பதற்காகவே மூன்று கல் நடந்து வந்தவள். பிறகு வெட்டினாள்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. ஆதித்தர் சீக்கிரமே வந்து முன்வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். புழுதிக் கால் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் மைக் கிண்ணம் திறந்தே இருந்தது.

நண்பகல் நெருங்கியபோது முன்வாசல் வழியாக யாரும் வரவில்லை. அந்தப்புரத்துக்குப் போகிற உள்வாசல் திறந்தது. அரண்மனைப் பணிப்பெண் ஒருத்தி வெள்ளித் தட்டில் மெத்தை வைத்து, மெத்தையில் ஒரு முயலை வைத்து ஏந்தி வந்தாள். முயலின் முதுகு முழுக்கப் பச்சைப் பட்டுப் போர்வை. தலையில் பட்டுக் குல்லாய், இரண்டு காதும் அதற்குள்ளே. நெற்றியில் அரச முத்திரை. தெரிந்ததெல்லாம் மூக்கு மட்டும்தான். மூக்கு துடித்துக்கொண்டிருந்தது.

சபை எழுந்து நின்றது. ஒரு முயலுக்கு.

அரசன் முத்திரையைப் பார்த்தான். அரசி ஏதோ வேடிக்கை செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தான். "ஓ, இப்படியும் ஒன்று உண்டா நம் வீட்டில்? ஆதித்தரே, இது எப்படி?"

ஆதித்தர் கிட்டே வந்தார். குனிந்தார். "அரசே, என்ன காது. நீளம் என்றும் சொல்ல முடியாது, குட்டை என்றும் சொல்ல முடியாது. முப்பது ஆண்டில் இப்படியொரு காதை நான் கண்டதில்லை. முதல் தரம்."

கனகசபையார் போர்வைக்கு மேலேயே கையை வைத்தும் வைக்காமலும் தடவினார். "வில் வளைத்தது போன்ற முதுகு. ஐயமே இல்லை, முதல் தரம்."

மருதப்பர் ஊதுவதற்கு வாயைக் குவித்தார். அரச முத்திரையின் மேல் எச்சில் பட்டுவிடுமோ என்று பயந்து மூச்சை உள்ளேயே இழுத்துக்கொண்டார். "உள்ரோமம் வெண்ணெய். முதல் தரம்."

"மூவரும் ஒரே சொல் சொல்லி இன்றுதான் கேட்கிறேன்" என்றான் அரசன், மகிழ்ந்துபோய்.

"உண்மை என்று ஒன்று இருந்தால் அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமேது, அரசே?" என்று ஆதித்தர் தன் இருக்கைக்குத் திரும்பினார். "சரி, நண்பகல் ஆகிறது. அந்தப் பெண்ணின் முயல் எங்கே? விகடக்காரி ஓடிவிட்டாளா?"

தூணுக்குப் பின்னாலிருந்து பேச்சி வந்தாள். அவள் தலையில் குல்லாய் இல்லை. பின்னாலேயே வேலாத்தாள், அதே புழுதிக் காலோடு.

"இங்கதான் இருக்கேன் சாமி. முயலும் இங்கதான் இருக்கு." பேச்சி முயலின் தலையிலிருந்து பட்டைக் கழற்றினாள். சாம்பல் நிறக் காது இரண்டும் பட்டென்று எழுந்து நின்றன. இடது காதை மெல்லத் திருப்பி அரசனுக்குக் காட்டினாள். சிவப்பு, நீலம், மஞ்சள்.

யாரோ தும்மலை அடக்கினார்கள்.

"மூணு வாய், ஒரு சொல்லு. கேட்டபடி கொண்டாந்துட்டேன், மகாராசா. இந்தக்காவோட கொட்டில் முயலுதான். என் குல்லாயை வெட்டி அதுக்குப் போட்டேன், தெரிஞ்ச பணிப்பொண்ணு தட்டுல ஏந்தி வந்தா, அவ்வளவுதான். முயல்ல ஒரு மயிரக்கூட மாத்தல."

"மோசடி" என்றார் ஆதித்தர். "புள்ளி... அது வேறு யாரோ வைத்தது."

"அப்ப உங்க மை வேற யாருக்கோ கலக்கத் தெரிஞ்சிருக்கு. யாருக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

கனகசபையார் முனகினார்: "நேற்று முயல் பயத்தில் குறுகியிருந்தது. இன்று மலர்ந்திருக்கிறது. அதனால் முதுகு..."

"காது?" என்று கேட்டான் அரசன். "குல்லாய்க்குள் இருந்த காதை ஆதித்தர் எப்படிப் பார்த்தார்?"

அரசன் சிரிக்கத் தொடங்கினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். அவனோடு சேர்ந்து சபையும் சிரித்தது. இருபத்து மூன்று முயல் மயிரிழையில் தப்பிய கதை அது, அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. வேலாத்தாள் சிரிக்கவில்லை. சாம்பலைத் தட்டிலிருந்து தூக்கி மார்போடு வைத்துக்கொண்டாள்.

அரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். "நீ சொல், பெண்ணே. உன் முயல் முதல் தரமா, இல்லையா?"

வேலாத்தாள் முயலைத் திருப்பிப் பார்த்தாள்.

"காது கொஞ்சம் நீளந்தான், மகாராசா. முதுகுல லேசாக் கூன் இருக்கு, குட்டி போட்டுப் போட்டு வந்தது. உள்ரோமம் பத்தாது, பச்சைத் தீனி இல்ல. நேத்து அவங்க சொன்னது மூணும் நெசம். இன்னைக்குச் சொன்னதுதான் பொய்யி."

சிரிப்பு நின்றது. அரசன் தாடியைத் தடவினான். பிறகு, புல்வெளி அவளுக்கே என்றான். மைக் கிண்ணங்களைப் பிடுங்கி வாசலில் கொட்டச் சொன்னான். பேச்சிக்கு முத்து வைத்த புதுக் குல்லாய் தைக்கச் சொன்னான்.

"குல்லாயைக் குடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆத்தா கேப்பா" என்றாள் பேச்சி. "ஆனா இன்னும் மூணு வேணும். அந்தச் சமையற்கட்டு விதிய எடுத்துருங்க. அடுத்த வருசத்துலேருந்து மேசைக்கு முயலு மட்டும் வரட்டும், ஆளு திரைக்குப் பின்னால நிக்கட்டும். இவங்க ஆளுக்கொண்ணு சொன்னாச் சொல்லிட்டுப் போகட்டும், மூணுல ரெண்டு பேரு சரின்னா போதும். நம்ம கிட்ட மட்டும் ஆளுக்கொண்ணு சொல்றதும், பட்டைப் பாத்தா ஒண்ணாச் சொல்றதும்தான் சகிக்கல."

அரசன் மூன்றையும் கொடுத்தான், மறுபடி சிரித்துக்கொண்டே. அவனுக்குக் கொடுப்பது எளிது.

மறு வருடம் முயல் சபை திரை கட்டி நடந்தது. முயல்கள் தனியாக மேசைக்கு வந்தன. ஆதித்தர் நீளம் என்றதைக் கனகசபையார் குட்டை என்றார், மருதப்பர் ஊதி ஊதித் தலை சுற்றி உட்கார்ந்தார். உண்மையாகவே குழம்பினார்கள், உண்மையாகவே சண்டை போட்டார்கள். கடைசியில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கூடை முடைகிற ஒருவனின் வெள்ளை முயல் வென்றது. அவன் திரையை விலக்கிக்கொண்டு வந்தபோது நடுவர்களுக்கே அவனை யாரென்று தெரியவில்லை.

சாம்பலின் குட்டி தோற்றுப்போனது. வேலாத்தாள் அதைக் கூடையில் வைத்துத் துணி மூடினாள். பேச்சி கிட்டே வந்து நின்றாள்.

"புல்வெளி போச்சேக்கா."

"போச்சு. அவனும் காஞ்சு கெடந்தவன்தான, ஒரு வருசம் மேய்க்கட்டும்." வேலாத்தாள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மூணு வருசமா நான்தான் புள்ள தோத்தேன். இந்தத் தடவதான் முயலு தோத்துருக்கு. நடக்கவே லேசா இருக்கு."