மாஸ்டர் ஆவுடையப்பனின் வலது கால்

எங்கள் சட்டுவக்குளத்துக்காரர்களுக்குச் சமையல் வரும். வேறு எதுவும் வராது. இதை அசலூர்க்காரன் எவனாவது சொன்னால் சண்டைக்குப் போவோம். நாங்களே சொல்லிக்கொள்வதில் தப்பில்லை. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று எங்கே பந்தி விரித்தாலும் அடுப்படியில் எங்கள் ஊர் ஆள் ஒருவன் நிற்பான். அவனிடம் சாம்பாரைப் பற்றிப் பேசலாம். அதைத் தாண்டிப் பேசினால், பேசியவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டிவரும்.

அந்த ஊரில் பெரிய புத்திசாலி என்று பெயர் எடுத்தவர் மாஸ்டர் ஆவுடையப்பன். அவரிடம் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். சோறு வடிக்கிறவர் பூதப்பாண்டி, காய் வெட்டுகிறவர் சங்கரபாகம். மாஸ்டர் புத்திசாலி என்று ஊருக்குச் சொன்னவர்களும் இந்த இரண்டு பேர்தான்.

மாஸ்டருக்கு வலது காலில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. நாலு எட்டு வைத்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். கட்டைவிரலில் வந்த புண் ஆறுவேனா என்றது. டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "அடைப்பை எடுக்கலைன்னா விரல் போயிடும். அப்புறம் பாதமும் போயிடும்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு எவன் அண்டா கிண்டுவான்? அடுப்படியை விட்டால் நிற்பதற்கு அவருக்கு வேறு இடமும் தெரியாது. மனுஷன் நன்றாகவே பயந்துபோனார்.

சிகிச்சைக்கு வருகிறவர்களை முன்கூட்டியே உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வது அங்கே சிஸ்டர் பியூலாவின் வேலை. பொறுமைக்குப் பேர் போனவர். பாவம், அதுவரைக்கும் எங்கள் ஊர்க்காரர் யாரும் அவரிடம் போனதில்லை.

"கத்தியே வைக்க மாட்டாங்க அண்ணாச்சி. தொடை இடுக்குல ஊசி அளவுக்கு ஒரு துளை போடுவாங்க. அது வழியா மெல்லிசான ட்யூபை விட்டு, ஸ்கிரீன்ல பார்த்துக்கிட்டே அடைப்பு இருக்கிற இடத்துக்குப் போவாங்க. அங்க ஒரு சின்ன பலூனை ஊதி, ரத்தக்குழாயை விரிச்சு விடுவாங்க. அவ்வளவுதான்."

பூதப்பாண்டி கவலையோடு கேட்டார். "பலூன் என்ன கலரும்மா? அண்ணாச்சிக்குச் சிவப்பு ராசி கிடையாது."

"கலரை டாக்டர் பார்த்துக்குவார். முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் எதுவும் சாப்பிடக் கூடாது. காலையில வெறும் வயிறா வரணும். எங்க, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்."

சங்கரபாகம் கண்ணை மூடிக்கொண்டு, கத்தி, துளை, பலூன் என்று ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். நடுவில் சிஸ்டர் இருமிய இடத்தில் தானும் இருமினார். "எங்க, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்" என்று முடித்துவிட்டு, சிஸ்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவர் விடுகிற மாதிரித் தெரியவில்லை. சிஸ்டர் பெருமூச்சு விட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

குறித்த நாள் காலையில் அவர்களுக்கு ஒரு கல்யாணச் சமையல் இருந்தது. எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மாஸ்டர் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்க்காமல் எந்தப் பாத்திரமும் அடுப்பை விட்டு இறங்காது. இறங்கினால் அது கறியே இல்லை. மாஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மண்டபத்தில் இறங்கினார். அங்கே பேச்சு நடந்தது.

"சாப்பிடக் கூடாதுன்னுல்லா அந்தம்மா சொல்லிருக்கு" என்றார் சங்கரபாகம்.

"சாப்பாடுன்னா என்னவே? இலை போடணும், உக்காரணும். இலை இருக்கா?" என்றார் பூதப்பாண்டி.

"இல்ல."

"அண்ணாச்சி உக்காந்திருக்காவளா?"

"நிக்காவ."

"பொறவு என்ன?"

தர்க்கத்தில் ஓட்டை இல்லை என்று மாஸ்டருக்கும் பட்டது. சாம்பார், ரசம், அவியல் என்று உள்ளங்கை ஈரம் காயாமல் உப்புப் பார்த்தார். பாயசத்தில் மட்டும் ஏலக்காய் சரியாகப் பிடிபடாததால் ஒரு டம்ளரில் வாங்கி, நின்றபடியே பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர், "ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். "பச்சைத் தண்ணி பல்லுல படலம்மா" என்றார் மாஸ்டர். அவருடைய மீசையில் ஒரு முந்திரிப் பருப்பு உட்கார்ந்திருந்தது. அன்றைக்குச் சிகிச்சை நடக்கவில்லை.

அடுத்த தடவைக்குச் சிஸ்டர் இன்னும் தெளிவாகச் சொன்னார். "ருசியும் பார்க்கக் கூடாது. வாய்க்குள்ள எதுவுமே போகக் கூடாது. காலையில பிரஷர் மாத்திரையை மட்டும் ஒரு மடக்குத் தண்ணியோட எடுத்துக்கணும்."

அன்று காலையில் மாஸ்டர் வாயைத் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டு, மாத்திரையைத் தட்டில் வைத்து மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"வாய்க்குள்ள எதுவும் போகக் கூடாது. மாத்திரையும் உள்ள போகணும். படிச்சவங்க ஏதோ விஷயமாத்தான் சொல்லிருப்பாவ" என்றார் சங்கரபாகம்.

"மாத்திரை போக வேண்டிய இடம் வயிறுதானே? வாய் வெறும் நடைதானேவே. நேரா வீட்டுக்குள்ளயே இறக்கிட்டா?" என்றார் பூதப்பாண்டி.

துண்டுக்குள்ளிருந்து மாஸ்டர் பலமாகத் தலையாட்டினார். மாத்திரையை அம்மியில் வைத்து, ஒரு மடக்குத் தண்ணீர் தெளித்து, வெண்ணெய் போல் அரைத்தார்கள். அரைப்பதில் எங்கள் ஊரைக் குறை சொல்லவே முடியாது. அதை மாஸ்டரின் தொப்புளைச் சுற்றிப் பத்துப் போட்டு, காயட்டும் என்று விசிறிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் எகிறிக் கிடந்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்த சிஸ்டர் டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் காலைப் பார்த்தார். விரல் நுனி கறுக்கத் தொடங்கிவிட்டது, இன்னொரு தடவை இப்படி வந்தால் விரலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து மாஸ்டர் அழுதார்.

"எம் புத்தியக் கொண்டு அடுப்புலதான் வைக்கணும். உங்களை நம்பினேன் பாரு."

"நாங்க உங்களைல்லா நம்பினோம் அண்ணாச்சி" என்றார்கள் இருவரும். அவர்களுக்கும் அழுகை வந்தது.

சிஸ்டர் பியூலா மரத்தடிக்கே வந்தார். "அண்ணாச்சி, வீட்டுக்கே போக வேண்டாம். இங்கயே படுங்க. சொல்றதை விட்டுட்டு நானே செஞ்சுக்கிறேன்" என்றார். சொன்னபடி மாத்திரையைத் தன் கையால் கொடுத்தார், பட்டினி போட்டார், மறுநாள் தானே தள்ளிக்கொண்டும் போனார். சட்டுவக்குளத்துப் புத்திக்கு அதில் இம்மியும் இடமில்லாததால் எல்லாம் சரியாக நடந்தது. டாக்டர் பலூனை ஊதி இறக்கினார். கொஞ்ச நேரத்தில் மாஸ்டரின் கட்டைவிரலுக்குச் சூடு வந்தது. எத்தனையோ மாதம் கழித்து அது தன் விரல் மாதிரி இருந்தது. அவர் சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷத்தில் தேம்பினார்.

சிஸ்டருக்கும் கண் கலங்கிவிட்டது. கலங்கிய நேரத்தில் மனுஷிக்குக் கவனம் தப்பியது. வாயைத் திறந்து ஒரு விஷயம் சொல்லிவிட்டார்.

"துளை போட்ட இடத்துல ரத்தம் கசிஞ்சிடக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் வலது காலை மடக்காம நீட்டியே வச்சிருங்க."

சாயங்காலம் சிஸ்டரின் டூட்டி முடிந்தது. தங்கை கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்தவர், அப்படியே நாகர்கோவில் பஸ் ஏறிவிட்டார். அடுத்து வந்த சிஸ்டர், "காயம் நல்லா இருக்கு, எழுந்து நடக்கலாம்" என்றார்.

"நீங்க சொன்னா எப்படிம்மா? அந்தம்மால்லா சொல்லணும்" என்றார் பூதப்பாண்டி.

டாக்டரும் வந்து சொன்னார். "நீங்க பெரியவங்கதான் சார். ஆனா உங்க பேரை அந்தம்மா சொல்லலியே" என்றார் சங்கரபாகம் பணிவாக. மாஸ்டர் விரைத்துப் படுத்திருந்தார். ரெண்டு தடவை பட்டது போதாதா? இந்த முறை ஒரு எழுத்துப் பிசகக் கூடாது என்று இருந்தார். துணைக்கு இடது காலையும் மடக்காமல் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காய் வெட்டுகிற பெஞ்சைக் கொண்டுவந்து, மாஸ்டரை அதில் கிடத்தி, அண்டா தூக்குகிற மாதிரித் தோள் கொடுத்து வாசலுக்குத் தூக்கிவந்தார்கள். எதிரே வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். மாஸ்டரும் படுத்தபடியே பதிலுக்குக் கும்பிட்டார். இரண்டு பேர் மயங்கி விழுந்ததாகக் கேள்வி.

அந்த வாரம் ஒத்துக்கொண்ட கல்யாணத்தை விட முடியுமா? பெஞ்சை அடுப்புக்குப் பக்கத்தில் போட்டு, நீளக் கரண்டியைக் கையில் கொடுத்தார்கள். மாஸ்டர் மல்லாந்து கிடந்தே அண்டாவைக் கிண்டினார். பார்த்தவர்கள் எல்லாம் அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஒரு நல்ல மனுஷனை முடக்கிப்போட்டார்களே என்று உச்சுக் கொட்டினார்கள்.

சேதி எப்படியோ நாகர்கோவிலுக்கு எட்டியது. தங்கை கழுத்தில் தாலி ஏறின கையோடு சிஸ்டர் பியூலா போன் போட்டார். பூதப்பாண்டிதான் எடுத்தார்.

"அய்யோ, நான்தான் பேசுறேன். மடக்கலாம்! நான் சொல்றேன், காலை மடக்கலாம்!"

பூதப்பாண்டி போனைக் கையால் பொத்திக்கொண்டு சங்கரபாகத்தைப் பார்த்தார். "வே, அந்தம்மா மடக்கலாங்குது. இதை யாருகிட்டச் சொல்லணும்?"

"மடக்கப் போறது யாரு? காலுதானே?" என்றார் சங்கரபாகம்.

அது நியாயமாக இருந்தது. பூதப்பாண்டி குனிந்து, மாஸ்டரின் வலது முழங்காலில் போனை வைத்து அழுத்திப் பிடித்தார். "மடக்குங்க அண்ணாச்சி, மடக்குங்க!" என்று சிஸ்டர் கத்தியது அடுப்படி முழுக்கக் கேட்டது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். வலது கால் மெல்ல மடங்கியது. வலி இல்லை, இழுப்பு இல்லை, பஞ்சாக மடங்கியது. மாஸ்டர் கண்ணில் நீர் வழிய, பெஞ்சிலிருந்து எழுந்து நிற்கப் பார்த்தார். முடியவில்லை. ஒரு கால் மடிந்தும் ஒரு கால் விரைத்தும் அப்படியே சாய்ந்தார்.

பூதப்பாண்டி பதறிப்போய்ப் போனைக் காதில் வைத்தார்.

"அம்மா, வச்சிராதிய. வலது காலு கேட்டுக்கிட்டுது. இந்தா இடது காலுகிட்டக் கொடுக்கேன், அதுக்கும் ஒரு வார்த்தை சொல்லிருங்க."