கொக்கின் காலும் நூல்கண்டும்

கொக்கும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசித் திரிந்த காலம் அது. அப்போது நூல்கண்டு என்று ஒன்று கிடையாது. நூற்ற நூலைக் கூடையில் குவித்து வைப்பார்கள். தைக்க உட்கார்ந்தால் பாதிப் பொழுது சிக்கெடுப்பதிலேயே போய்விடும்.

கடற்கரையில் சடைச்சி என்பவள் படகுக்குப் பாய் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் இருளப்பனும் இன்னும் மூன்று பேரும் போன படகு முந்தின நாள் பாறையில் மோதி உடைந்துவிட்டது. நால்வரும் தூரத்து மணல்திட்டில் ஏறி நின்றார்கள். கரையிலிருந்து பார்த்தால் நாலு புள்ளி. அன்று அமாவாசை, கடல் வழக்கத்தைவிட உயரமாக ஏறும் நாள். சாயங்காலம் நீர் ஏறினால் திட்டு முழுகிவிடும். மிச்சமிருந்தது ஒரே படகு. துடுப்பை நம்பிப் போக முடியாத நீரோட்டம். அதன் பாயோ நடுவில் கிழிந்து கிடந்தது.

விடிந்ததிலிருந்து அவள் குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு முழம் இழுத்தால் ஒன்பது முடிச்சு வந்தது. அறுத்தாள், கோர்த்தாள், மறுபடி அறுத்தாள். விரல் நுனியெல்லாம் வெடித்து உப்புக்காற்றில் எரிந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

கொழுந்தன் மாசானம் படகைத் தண்ணீருக்குத் தள்ளிவிட்டு வந்து நின்றான்.

"மதினி, இன்னும் எவ்வளவு இருக்கு?"

"பாதிகூட ஆகல."

"நீர் ஏற ஆரம்பிச்சிருச்சு."

"தெரியுது. நூல்தான் சொன்னபடி கேக்கமாட்டேங்குது."

அந்தப் பக்கமாக ஒரு வெள்ளைக் கொக்கு வந்தது. இரண்டு நாளாக மீன் அகப்படாமல் அதற்கும் நடை தளர்ந்திருந்தது. சடைச்சி அப்போதுதான் சிக்கெடுத்து மணலில் நீளப் போட்டிருந்த நூலை மிதித்துவிட்டது. விடுவித்துக்கொள்ள அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. சுற்றச் சுற்ற, நூல் முழுவதும் அதன் வலது காலில் ஏறிக்கொண்டது.

"அடப் பாவி, இதையும் கெடுத்திட்டியா!" என்று சடைச்சி நூலைப் பிடித்து இழுத்தாள். நூல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு முடிச்சு இல்லை. கொக்கின் காலில் மேலே முட்டி புடைத்திருந்தது. கீழே விரல்கள் விரிந்திருந்தன. நடுவில் இருந்த நூல் எந்தப் பக்கமும் நழுவவில்லை.

அவள் கை அப்படியே நின்றது.

"கொக்கே, தைச்சு முடிக்கிறவரைக்கும் இப்படியே நிப்பியா?"

"என்னால முடியல தாயி. ரெண்டு நாளாப் பட்டினி."

"அங்க நாலு பேரு நிக்காங்க."

கொக்கு கடலைப் பார்த்தது. நூலுக்குத் தடையாக இல்லாமல் இடது காலை மடக்கித் தூக்கிக்கொண்டது.

சடைச்சி இழுத்து இழுத்துத் தைத்தாள். அவள் இழுக்கும்போதெல்லாம் கொக்கு ஒற்றைக் காலில் மெல்லத் திரும்பிக் கொடுத்தது. நீர் ஏறி அதன் பாதத்தைத் தொட்டது. நீரோடு பொடிமீன்கள் வந்து விரலிடுக்கில் துள்ளின. குனிந்தால் நூல் சரிந்துவிடும். கொக்கு கண்ணை மூடிக்கொண்டது.

வெயில் சாயும் முன் பாய் முடிந்தது. மாசானம் அதைக் கட்டிக்கொண்டு போனான். மார்பளவு நீரில் கைகோர்த்து நின்ற நாலு பேரையும் ஏற்றிவந்தான். கரையேறியவர்கள் ஈர மணலிலேயே சாய்ந்தார்கள். இருளப்பன் மட்டும் சடைச்சியின் கையைப் பார்த்து, "ரத்தம் வருதே" என்றான். அடுத்த நொடி தூங்கிப்போனான்.

சடைச்சி கொக்கிடம் போய் மிச்ச நூலை அவிழ்த்தாள். நூல் பதிந்த இடமெல்லாம் வரிவரியாகக் கன்றியிருந்தது.

"இனி காலை இறக்கு, ராசா."

"இறக்கத் தெரியல தாயி. மறந்துபோச்சு."

சடைச்சி அதன் அருகிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அவள் மாசானத்திடம் ஒரு பூவரசங்கட்டையைக் கொடுத்தாள். "கொக்குக் கால் மாதிரி செதுக்கு. நடு மெலிசா இருக்கணும், ரெண்டு முனையும் புடைச்சிருக்கணும். நடுவுல நெடுக ஒரு ஓட்டை போடு. குச்சியில மாட்டினா தானாச் சுத்தட்டும். இனி ஒரு உசுரு நின்னு சுத்த வேண்டாம்."

அதற்குப் பிறகுதான் நூல்கண்டுக்கு இடை சிறுத்து, இரு முனை உயர்ந்து, நடுவில் துளையும் வந்தது. கொக்குக்குத்தான் அந்தக் கட்டை வந்த சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அது இன்றைக்கும் தண்ணீர் ஓரத்தில் ஒற்றைக் காலில்தான் நிற்கிறது.