பேர் போடாத வீணை

பாளையங்கோட்டையில் பூங்கோதை என்றொரு வீணை ஆசிரியை இருந்தார். அவரிடம் பாடம் கேட்ட இருதயராஜ் அவரைவிட ஏழு வயது மூத்தவர். நூற்பாலை வேலையை விட்டுவிட்டு வீணைக்கு வந்த மனிதர். இவர் ‘டீச்சர்’ என்பார், அவர் ‘அண்ணாச்சி’ என்பார்.

ஒரு சனிக்கிழமை காலை இருதயராஜ் வந்தபோது முகம் சரியில்லை. உட்காராமலே கேட்டார்.

“டீச்சர், அடுத்தவன் சோத்துல மண்ணைப் போடுறவனை என்ன செய்யலாம்?”

“யாரு போட்டா?”

அவர் செல்போனை எடுத்தார். பாட்டுக் கேட்கும் செயலி ஒன்றில், தூங்கப் போகிறவர்களுக்கென்று ஒரு தொகுப்பு உண்டு. இருதயராஜ் வாசித்த ஒரு வீணைத் துண்டு அதில் எட்டு மாதமாக ஓடியது. ஒருவர் முழுதாகக் கேட்டால் சில பைசா. லட்சக்கணக்கான பேர் கேட்டதால் அதுவும் மாதம் ஒரு தொகையாக வந்துகொண்டிருந்தது. போன வாரம் அதை எடுத்துவிட்டார்கள். அதே இடத்தில் அதே மாதிரி வேறொரு வீணை. வாசித்தவர் என்று ஏதோ ஒரு பொய்ப் பெயர்.

“கேட்டா, கம்பெனியே ஆள் வச்சு வாசிக்க வைக்குதாம். மொத்தமா ஒரு காசு குடுத்துட்டா அப்புறம் யாருக்கும் பங்கு குடுக்க வேண்டாம்லா? நாளைக்கு நம்ம கலைஞர்கள் சங்கக் கூட்டத்துல பேசப் போறேன். அந்தப் பேரில்லாத ஆளைக் கண்டுபிடிச்சு, இனி எந்த மேடையும் ஏறவிடக் கூடாது.”

“முழுசா கேட்டீங்களா?”

“ஆரம்பத்தைக் கேட்டேன். வயிறு எரிஞ்சுது. நிறுத்திட்டேன்.”

“போடுங்க.”

போட்டார். சிறிது நேரம் ஓடியதும் பூங்கோதை கை நீட்டி அதை நிறுத்தினார். வீணையை மடியில் சாய்த்துச் சுருதி பார்த்தார். செல்போன் விட்ட இடத்திலிருந்து வாசித்தார். மேலே போய், கொஞ்சம் தயங்கி, இறங்கும் ஓர் இழுப்பு வந்தது. அது கைக்கு வருவதற்கு இருதயராஜ் இதே பாயில் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்.

பூங்கோதை கடைசி வரை வாசித்துவிட்டு வீணையைக் கீழே வைத்தார்.

இருதயராஜ் செல்போனை மறுபடி ஓடவிட்டார். அதே இழுப்பு. அதே தயக்கம். அணைத்துவிட்டு மெல்லப் பாயில் உட்கார்ந்தார்.

“நீங்களா டீச்சர்?”

“நான்தான்.”

“என்னோடதை எடுக்கப் போறாங்கன்னு தெரியுமா?”

“தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா?”

“யோசிச்சிருப்பேன். மாட்டேன்னு சொல்லியிருப்பேனான்னு தெரியல. என் பேர்ல நானும் மூணு வருஷம் அதுல வாசிச்சுப் போட்டுப் பார்த்தேன் அண்ணாச்சி. தந்தி வாங்கக்கூடக் காசு வரல. இவங்க ஒரே நாள்ல ஆறு மாச வாடகையைக் குடுத்தாங்க. வாசிச்சது நான்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க.”

“அப்போ நாளைக்கு நான் பேசல,” என்றார் இருதயராஜ்.

“பேசுங்க. ஆள் யாருன்னு கேப்பாங்க. என் பேரைச் சொல்லுங்க. நானும் வந்து பக்கத்துல நிக்கேன்.”

“என்ன டீச்சர் சொல்லுதீங்க! கையெழுத்துப் போட்டிருக்கீங்க. குடுத்த காசைத் திருப்பிக் கேட்டுக் கேஸ் போடுவான்.”

“போடட்டும் அண்ணாச்சி. அப்பவாவது வாசிச்சது யாருன்னு அவங்க வாயால சொல்லித்தானே ஆகணும்.”