பந்திக் கதவும் பஞ்சநதம் போட்ட ஊசியும்

கொள்ளிடக்கரைப் பக்கம் கல்யாணச் சமையல் எடுக்கும் அண்ணன் தம்பி நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே மூளை. அது மூத்தவன் தாண்டவராயனிடம் இருப்பதாக மற்ற மூவரும், கடைக்குட்டி கலியனிடம் இருப்பதாகத் தாண்டவராயனும் நம்பி வந்தார்கள்.

சர்க்கரை நோய் முகாம் ஒன்றுக்குச் சுண்டல் கொண்டுபோன இடத்தில் டாக்டர் பேச்சைக் கேட்டார்கள். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் சுவர் உண்டாம்; சர்க்கரை நுழைய அதில் தனி வாசல். வெளிக்கதவு திறந்தால் உள்கதவு மூடியிருக்கும், உள்கதவு திறந்தால் வெளிக்கதவு. சர்க்கரை, கூட்டம் அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குப் போகும். தசையில் அந்தக் கதவே உள்ளே ஒளிந்து கிடக்கும். இன்சுலின் வந்து சொன்னால்தான் சுவருக்கு வரும். "நம் கல்யாணப் பந்தியில் இந்த ஒழுங்கு உண்டா?" என்று டாக்டர் சலித்துக்கொண்டார். மனுஷன் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

அடுத்த முகூர்த்தத்தில் பந்திக்கு அறுபத்தோரு பேர் நின்றார்கள். கூடத்து வாசலைத் தகரம் வைத்து அடைத்திருந்தது. கதவுகள் கொல்லையில் கிடந்தன. பந்தி எப்போது என்று கேட்டவர்களிடம், சொல்ல வேண்டியவர் இன்னும் வரவில்லை என்றான் தாண்டவராயன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் பஞ்சநதத்துக்குப் பகீரென்றது. இலை போட்டாயிற்று என்று எவனோ சொன்னதை நம்பி, அப்போதுதான் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டு வந்திருந்தார். அரை மணிக்குள் சோறு இறங்காவிட்டால் ஆள் சுருண்டுவிடுவார்.

"தம்பி, இன்சுலின் போட்டாச்சுப்பா."

தாண்டவராயன் முகம் மலர்ந்தது. "இன்சுலின் வந்தாச்சு. கதவை எடுத்து வாடா, கலியா."

வெளியே ஒரு கதவு, உள்ளே ஒரு கதவு, நடுவில் சந்தன மேசை மட்டும் நிற்கிற ஒரு சந்து. முதல் ஆளாகக் காலை வைத்த பஞ்சநதத்தைத் தாண்டவராயன் பணிவாகத் தடுத்தான். "நீங்க இன்சுலின், மாமா. தட்டுறதோட உங்க வேலை முடிஞ்சுது. உள்ளே போறது சர்க்கரைதான்."

ஒவ்வொருவராக, கதவு மூடி, கதவு திறந்து, முப்பது பேர் போவதற்குள் பஞ்சநதத்துக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. முட்டித் தள்ளிக்கொண்டு சந்துக்குள் புகுந்தார். வெளிக்கதவு சாத்திக்கொண்டது. உள்கதவு அசையவில்லை.

"உள்ளே முப்பது, வெளியே முப்பது," என்றது கலியன் குரல். "சரிசமம் ஆயிட்டுது. இனிமே ஒருத்தர் எழுந்து வெளியே போனாத்தான் ஒருத்தர் உள்ளே வரலாம்."

இலைக்கு முன்னால் உட்கார்ந்தவன் எவன் எழுந்திருப்பான்?

பஞ்சநதத்துக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. சந்தன மேசையில் இருந்த கற்கண்டுத் தட்டை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டார்.

கடக்முடக் சத்தத்தில் கலியனுக்கு டாக்டரின் மீதிப் பேச்சும் ஞாபகம் வந்தது. "அண்ணே, உள்ளே வந்த சர்க்கரைக்கு உடனே ஒரு முத்திரை குத்திடுமாம். அப்புறம் அது சர்க்கரைன்னு கணக்குல வராதாம்."

முப்பது நெற்றியிலும் குங்குமம் ஏறியது. உள்ளே விருந்தாளிகள் பூஜ்யம். கதவுகள் மறுபடி ஆட ஆரம்பித்தன. பஞ்சநதமும் குங்குமத்தோடு உட்கார்ந்தார். பின்னாலேயே மற்றவர்களும். அறுபத்தோரு இலை போட்டிருந்தது; ஒன்றிலும் உப்புகூட விழவில்லை.

"சோறு எங்கேடா?" என்றார் பஞ்சநதம். கற்கண்டு உள்ளே போனதில் குரல் திரும்பியிருந்தது.

தாண்டவராயன் வெளியே எட்டிப் பார்த்தான். ஈ காக்கை இல்லை. உள்ளே பார்த்தான். எல்லாம் முத்திரை. "யாருக்கு மாமா போடறது? மண்டபத்துல ஒரு விருந்தாளிகூட இல்லையே."

கலியன் தன் நெற்றியைத் தடவினான். "அண்ணே, நமக்குக் குங்குமம் வைக்கலை. கணக்குல நாம இருக்கோம்."

நால்வரும் வெளியே போனார்கள். முறைப்படி ஒவ்வொருவராகக் கதவு மாற்றி உள்ளே வந்தார்கள். ஆளுக்கொரு இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உட்கார்ந்தார்கள். வெகுநேரம் யாரும் பரிமாற வராததால் தாண்டவராயன் எதிர் வரிசையைப் பார்த்தான்.

"மாமா, சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க. சாம்பார் கொஞ்சம் எடுத்து வாங்களேன்."