ஒன்பதுதான் வைத்தேன் சாமி

செங்கல் சூளைகளின் புகையிலும் வெக்கையிலும் ராஜாவின் ஊர் தவித்தது. "போன வருஷம் பத்துப் புதுச் சூளை, இந்த வருஷம் ஒன்பதுதான். புகையைக் குறைத்துவிட்டோம்!" என்று சபையில் மார்தட்டினார் மந்திரி.

"குறைஞ்சது புகையா, அது கூடுற வேகமா சாமி?" என்றாள் அரண்மனையில் வெந்நீர் போடும் பொன்னுருவி.

"இரண்டும் ஒன்றே! இல்லையென்று நாளைக்குள் காட்டு. தவறினால் ஊரைவிட்டுப் போ" என்று சீறினார் மந்திரி.

மறுநாள் மந்திரி தன் வாத நோய்க்காக, அடியில் பொன்னுருவி தீ எரிக்கும் மூலிகை வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்தார். அவள் காட்டப்போவதைப் பார்க்க ராஜாவும் வந்திருந்தார்.

"ஐயோ, வேகிறேனடி! சூட்டைக் குறை!"

"குறைச்சாச்சு சாமி. முதல்ல பத்து விறகு வெச்சேன், அதுக்கு மேல இப்ப ஒன்பதுதான்."

"இனி வைக்கவே வைக்காதே! எரிகிறதையும் வெளியே இழு!"

ராஜா சிரித்தார். "சூளைகளுக்கும் மந்திரியின் உத்தரவு இதுதான்."

ஊர் மூச்சு விட்டது, மந்திரியும்தான்.